அம்மா குடிக்கும் சுரைக்காய்ச் சாறு கசக்கிறது, நிறுத்தச் சொல்லலாமா?

வாய்க்கால்மேடு:
வணக்கங்க. எங்களுக்குக் கோபி பக்கம். அம்மாவுக்கு வயது 54, எடை 81 கிலோ, ஏழு வருடமாகச் சர்க்கரை. ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் பத்துக் கிலோ குறைத்தே தீருவது என்று, வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இருபது நாளாக வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறார். பச்சையாக மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரே மூச்சில். அப்புறம் மதியம் வரை வெறும் தண்ணீர்தான். இட்லி, சந்தகை எதையும் தொடுவதில்லை. ராத்திரி ஒரு கிண்ணம் கொள்ளு ரசம். சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் தவறாமல் போட்டுக்கொள்கிறார். ஐந்து கிலோ இறங்கிவிட்டது. தெருவில் எல்லோரும் விசாரிக்கிறார்கள், அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

நேற்று நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்தை மென்றது போலக் கசப்பு, ராத்திரி வரை தொண்டையை விட்டுப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டால், “மூணு நாளா இப்படித்தான் கண்ணு. கசந்தாத்தான் சக்கரைக்கு நல்லது, பாவக்காய் கசக்கறதில்லையா?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து மணி வாக்கில் கை நடுங்கி, ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து, திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். கொழுப்பு கரைகிறதாம். எனக்கு மனசே ஒப்பவில்லைங்க. நாளைக் காலையில் நான் என்ன செய்யட்டும்?

பெருந்துறைக்காரி:
தங்கச்சி, நாளைக்கு அந்த டம்ளரை அம்மா கையில் எடுக்கவே விடாதீங்க. அதைக் குடித்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தவள் சொல்கிறேன்.

போன வருடம் மாசி மாதம். பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்த காய். நல்ல பிஞ்சு, நகம் வைத்தால் இறங்கியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சாறு மட்டும் கசந்தது. வீணாக்க மனமில்லாமல் இஞ்சியும் மிளகுத்தூளும் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஈரத்துணியைப் பிழிவது போல வயிற்றை முறுக்கியது. வாந்தி, அப்புறம் பேதி, மறுபடி வாந்தி. நான்காவது தடவை வாந்தியில் காப்பித்தூளைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். அது ரத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்காரர் தூக்கித்தான் காரில் போட்டார். பிரஷர் பார்த்தபோது மேல் அளவு 70. என்ன சாப்பிட்டேன் என்று சொன்னதும் டாக்டர் கேட்டது, “சாறு கசந்ததாம்மா?” என்பதுதான். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை முழுக்கப் புண். இதற்கென்று முறிமருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, பிரஷரைத் தூக்கி, புண் ஆறும்வரை பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

உங்கள் அம்மா பாகற்காயைச் சொல்கிறார் இல்லையா, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாகற்காய்க்குக் கசப்பு பிறவிக்குணம், அது வேறு பொருள். சுரைக்காயில் வருவது குக்குர்பிட்டாசின் என்கிற நஞ்சு. சுரை, வெள்ளரி, பூசணி எல்லாம் பூச்சிக்கும் மாட்டுக்கும் தப்பிக்க வைத்திருக்கிற ஆயுதம் அது. நாம் சமைக்கிற ரகங்களில் பெயருக்குத்தான் இருக்கும், எப்போதாவது ஒரு காயில் ஏறிவிடும். வடக்கே இந்தச் சாற்றால் சாவு நேர்ந்த பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு வல்லுநர் குழு போட்டது. 2012-ல் வெளிவந்த அந்த அறிக்கையும் இதையேதான் சொல்கிறது: கசந்தால் குடிக்கக் கூடாது, குடித்து வாந்தி, பேதி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் கசப்பு கொஞ்சம் மட்டுப்படலாமே தவிர நஞ்சு அப்படியேதான் இருக்கும்.

பந்தல்தோட்டம்:
கிணத்துக்கடவு பக்கம் பந்தல் போட்டுச் சுரை வைக்கிறேனுங்க. தண்ணீர் காய்ந்து வெயில் ஏறினால் கசப்பு வர வாய்ப்பு அதிகம். தானாக முளைத்த கொடியையும் நம்ப முடியாது. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எங்கள் ஆத்தா சுரைக்காய் அரிந்தால் முதல் துண்டை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத்தான் சட்டியில் போடுவார். ஒவ்வொரு காய்க்கும் அப்படிச் செய்யுங்கள். கசந்த காயை வேக வைத்தாலும் நஞ்சு போகாது. மாட்டுக்கும் போட வேண்டாம்.

மருந்துக்கடை தாராபுரம்:
எனக்குச் சாற்றைவிட அந்தப் பத்து மணி நடுக்கம்தான் பெரிய கவலையாக இருக்கிறது. அது கொழுப்பு கரைவதில்லைங்க, சர்க்கரை இறங்குவது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு என்று இருந்தால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். நடுக்கம் வரும்போது ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின் என்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், பட்டினியோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போதும் சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா இப்போது சாப்பிடும் முறையை ஒன்று விடாமல் டாக்டரிடம் இன்றைக்கே சொல்லி, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் போதும். இந்த வேகத்தில் இறங்கினால் பித்தப்பையில் கல் கட்டக்கூடும்.

வாய்க்கால்மேடு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்றுப் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தோம், 58. அட்டையில் கிளிமிபிரைடுதான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஏறியதும் ராகிக் கூழ் குடிக்க வைத்து, டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையைப் பாதியாக்கி, மூன்று வேளையும் சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குள் மூன்று கிலோ குறைந்தால் போதும் என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது, ஆனால் சரி என்றார்.

வீட்டில் இரண்டு காய் மீதி இருந்தது. அம்மாவே அரிந்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றை உடனே துப்பிவிட்டு மூன்று தடவை வாய் கொப்பளித்தார். அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். இன்னொன்று தித்திப்பாக இருந்தது. மதியம் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தோம்.