41 டிகிரியா, 34 டிகிரியா? குடும்பக் குழுவில் ஒரு புழுக்கமான நாள்

அண்ணன் (பெரியப்பாவின் மகன், பிற்பகல் 2.05): எங்கள் பக்கம் இன்று 41 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது. கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு 34 தான் என்று செயலி காட்டுகிறது. ஆனால் காலையிலிருந்து புழுக்கம் தாங்கவில்லை என்று குழுவில் எழுதிக்கொண்டிருப்பது நீங்கள்தான். யாருடைய நிலைமை மோசம் என்பதை, வானிலையைத் தினமும் கவனிக்கிற அப்பாவும் நீயும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

நான் (2.11): அண்ணா, வெயில் உங்களுக்குத்தான் அதிகம். உடம்பு படும் பாடு எங்களுக்குத்தான் அதிகம். அங்கே ஈரப்பதம் எத்தனை சதவீதம் காட்டுகிறது?

அண்ணன் (2.12): 15 சதவீதம்.

நான் (2.20): இங்கே 70 சதவீதம். ராபர்ட் ஸ்டெட்மன் 1979இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில் அமெரிக்க வானிலைச் சேவை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டுச் சூத்திரத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். உங்கள் 41 டிகிரி, உடம்புக்கு ஏறக்குறைய 39 போலத்தான் தெரியும். எங்கள் 34 டிகிரியோ 47ஐ நெருங்குகிறது. அதுவும் நிழலில், மெல்லிய காற்று வீசும்போது உள்ள கணக்குதான். நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடக்கூடும் என்று அந்தச் சேவையே எச்சரிக்கிறது.

தம்பி (2.22): 41 எப்படி 39 ஆகக் குறையும், அக்கா? காய்ந்த காற்று குளிர்ச்சி தருமா?

பெரியப்பா (2.34): காற்று குளிர்ச்சி தருவதில்லை, தம்பி, வியர்வை காய்வதற்கு இடம் தருகிறது. வியர்ப்பதனால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது, வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேலேயே முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். அதே வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் அந்தக் குளிர்ச்சி உடம்புக்குக் கிடைக்காது. 35 டிகிரியில் இருக்கும் ஈரமான தோலின்மேல் நீராவியின் அழுத்தம் 56 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள். அண்ணன் இருக்கும் இடத்துக் காற்றில் அது சுமார் 12தான். உங்கள் காற்றில் 37. இந்த இடைவெளிதான் வியர்வையை இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே இடைவெளி 44, உங்களிடம் 19. அதாவது, பாதிகூட இல்லை. வெப்பமானி எதைக் காட்டினாலும், உடம்பைப் பொறுத்தவரை தீர்ப்பு எழுதுவது இந்த இடைவெளியே.

அத்தை (2.41): மருத்துவமனைப் பணியில் இருப்பவளாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். காய்ந்த வெயிலில் இருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். சட்டை நனையாததால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்பதும் தெரியாது. நீ வெளியே அலைகிறவன். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி.

அண்ணன் (2.43): சரி அத்தை. சட்டை நனையவே இல்லை என்பது உண்மைதான்.

தம்பி (3.02): நண்பர்கள் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. "இன்று வெப்பநிலை 40 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம், யாரும் வெளியே வராதீர்கள்" என்று இருக்கிறது. இதை இங்கே அனுப்பலாமா?

நான் (3.15): அனுப்ப வேண்டாம். வெளியே போகாதீர்கள் என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் இருந்திருக்க முடியாது. 90 சதவீதம் விடியற்காலையில் இருந்திருக்கும், 40 டிகிரி பிற்பகலில் வந்திருக்கும். யாரோ இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஒப்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற விகிதம் மட்டுமே. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த உச்ச அளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடுகிறது. அதனால் காற்றில் உள்ள நீராவி சிறிதும் மாறாமலே, காலையில் 27 டிகிரியில் 89 சதவீதமாக இருக்கும் ஈரப்பதம் பிற்பகலில் 35 டிகிரியில் 56 சதவீதமாக இறங்கிவிடும். படிக்கிறவர்கள் காற்று காய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு சொட்டு நீராவியும் குறைந்திருக்காது.

ஆகவே நான் சதவீதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டுப் பனிநிலையைப் பார்க்கிறேன். காற்றை எத்தனை டிகிரி வரை குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கிக் குழப்பாமல், காற்றில் உண்மையாகவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு அது. நான் மேலே சொன்ன எடுத்துக்காட்டில் காலையிலும் பிற்பகலிலும் அது 25 டிகிரிதான்.

தம்பி (3.18): அப்படியானால் அந்தச் செய்தியின்படி பனிநிலை எவ்வளவு வரும்?

நான் (3.21): 38 டிகிரி வரும். உலகில் அளந்து பதிவானவற்றில் மிக உயர்ந்ததாகச் சொல்லப்படும் பனிநிலையே 35 டிகிரிதான். 2003 ஜூலை 8 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் வெப்பநிலை 42 ஆக இருந்தபோது அது பதிவானது. கொதிக்கும் பாரசீக வளைகுடாவை ஒட்டிய ஊருக்கே 35 என்றால், அந்தச் செய்தியை எப்படி நம்புவது?

பெரியப்பா (3.30): கடல் இருந்தால்தான் பனிநிலை ஏறும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2011 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மூர்ஹெட்டில் 31 டிகிரி பனிநிலை பதிவானது. அது கடலுக்கு வெகு தொலைவில், பரந்த வயல்வெளிக்கு நடுவே இருக்கும் ஊர். கோடையில் வளர்ந்து நிற்கும் பயிர்கள் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக வெளியே விடுகின்றன. காற்று அசையாத நாட்களில் அந்த நீராவி அங்கேயே தேங்கிவிடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் தீராத வியப்பு உண்டு. ஒரு பயிர் வயல் தன் தலைக்கு மேலிருக்கும் காற்றையே மாற்றிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்தை (3.36): எந்தப் பனிநிலைக்கு மேல் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அண்ணா. அதுதான் எல்லோருக்கும் பயன்படும்.

பெரியப்பா (3.44): பொதுவாக, 16க்குக் கீழே இருந்தால் இதமாக இருக்கும். 20ஐத் தாண்டினால் கசகசப்புத் தொடங்கும். 24க்கு மேல் இறுக்கம் எல்லோருக்குமே தெரியும். ஈரமான தட்பவெப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த அளவுகள் சற்றுத் தள்ளிப்போகும். ஆனால் 27, 28 என்று ஏறிவிட்டால் பழக்கம் யாருக்கும் முழுமையாகக் கைகொடுக்காது. இப்போது உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய 28.

தம்பி (4.05): நானே அளந்து பார்க்க வேண்டும். வீட்டில் ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன.

பெரியப்பா (4.16): அது போதும். ஒன்றின் குமிழில் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துக்கொள். மற்றொன்றை அப்படியே விட்டுவிடு. இரண்டையும் நிழலில், சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு விசிறு. ஈரத்துணி சுற்றியது இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. பலருடைய வீட்டு வானிலைமானிகள் தவறாகக் காட்டுவதற்குக் கருவி காரணமல்ல, அதை வைத்த இடமே காரணம். வெயில் படும் பால்கனியில் மாட்டினால் அது காற்றை அளக்காது, வெயிலில் காய்ந்த சுவரைத்தான் அளக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வெள்ளை வண்ணம் பூசிய, சாய்பலகை இடுக்குகள் கொண்ட மரப்பெட்டியை வடிவமைத்ததே இதற்காகத்தான். காற்று தடையின்றி உள்ளே போய்வர வேண்டும், வெயில் மட்டும் நுழையக் கூடாது.

தம்பி (5.02): துணி சுற்றாதது 33, துணி சுற்றியது 28.5. வித்தியாசம் நாலரை டிகிரி.

நான் (5.07): மிக நன்றாக அளந்திருக்கிறாய். ஈரப்பதம் 71 சதவீதம், பனிநிலை 27 என்று வருகிறது. அண்ணன் ஊரில் பிற்பகலில் இதையே செய்திருந்தால், துணி சுற்றியது 21 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

அண்ணன் (5.12): 41இலிருந்து 21க்கா? இருபது டிகிரி இறங்குமா?

பெரியப்பா (5.25): இறங்கும். நனைந்த துணி செய்வதைத்தான் வியர்த்த தோலும் செய்கிறது. ஆதலால் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதற்கான எல்லை. அது 35 டிகிரியைத் தொட்டுச் சில மணி நேரம் நீடித்தால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் பிழைக்க முடியாது என்று ஷெர்வுட், ஹியூபர் ஆகிய இரு அறிஞர்கள் 2010இல் எழுதினார்கள். அது ஏட்டுக் கணக்கு. பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்து லேசான வேலைகளைச் செய்யச் சொல்லி அளந்தார்கள். ஈரமான காற்றில், ஈரக்குமிழ் வெப்பநிலை 31 டிகிரியை நெருங்கும்போதே உடலின் உள்வெப்பம் அடங்காமல் ஏறத் தொடங்கிவிட்டது என்று 2022இல் வெளியிட்டார்கள். அதுவும் இளைஞர்களுக்கு. தம்பி அளந்த 28.5க்கும் அதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள்.

தம்பி (5.48): மேற்கே மேகம் கோபுரம் போல எழுகிறது! மழை வந்து இந்த இறுக்கத்தை உடைக்குமா?

நான் (5.57): எனக்கும் அதே ஆசைதான், ஜன்னலை விட்டு நகரவே மனமில்லை. ஈரக்காற்று காய்ந்த காற்றைவிட எடை குறைந்தது. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது. சூடேறிய ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, தான் சுமந்து சென்ற வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பமே மேகத்தை இன்னும் உயரத் தள்ளுகிறது. நம்மை வாட்டிய அதே நீராவிதான் இடிமேகத்துக்கு உணவு. ஆனால் மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான காற்றடுக்கு ஒன்று மூடி போட்டதுபோல் நின்றுவிட்டால், எவ்வளவு புழுங்கினாலும் மேகம் அதைத் துளைக்காது. இப்போது மேகத்தின் தலை தட்டையாகப் பரவுவதைப் பார்த்தால், மூடி இன்னும் உடையவில்லை என்றே தோன்றுகிறது.

தம்பி (7.20): மேகம் கலைந்துவிட்டது. ஒரு தூறல்கூட இல்லை.

நான் (10.08): இப்போது 30 டிகிரி, பனிநிலை 27. இன்றைய நாளில் எனக்கு மிகவும் கவலை தருவது பிற்பகலின் 34 அல்ல, இந்த எண்தான். இரவில் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே எளிதில் இறங்காது. அதை நெருங்கும்போது நீராவி பனியாகிப் படியத் தொடங்கி, வெப்பத்தைத் திரும்பக் காற்றுக்கே கொடுத்துவிடும்; தரையிலிருந்து எழும் வெப்பத்தையும் நீராவியே வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அதனால் மாலைப் பனிநிலையைப் பார்த்தாலே விடியற்காலையின் குறைந்தபட்சத்தை ஓரளவு சொல்லிவிடலாம். அண்ணனுக்கு நள்ளிரவுக்குப் பின் நன்றாகக் குளிர்ந்துவிடும். எங்களுக்கு 27க்குக் கீழே போகாது.

அத்தை (10.19): அதனால்தான் நானும் விழித்திருக்கிறேன். 1995 ஜூலையில் சிகாகோவில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பகல் வெப்பத்தோடு, இரவிலும் தணியாத அந்தப் புழுக்கமும் சேர்ந்துதான் அவர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பலர் தனியே வசித்த முதியவர்கள். பகலில் தளர்ந்த உடம்பு இரவில் மீண்டு எழ வேண்டும். அதற்கு வாய்ப்பே கிடைக்காவிட்டால், அடுத்த நாள் வெப்பம் அதே அளவு இருந்தாலும் பாதிப்பு கூடுதலாக இருக்கும். அம்மா எப்படி இருக்கிறார்?

பாட்டி (10.26, தம்பி தட்டச்சு செய்தது): நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வியர்வைகூட உங்கள் அளவுக்கு எனக்கு வரவில்லை, தாகமும் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லோரும் தூங்குங்கள்.

அத்தை (10.33): அம்மா, வியர்க்கவில்லை, தாகமில்லை என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வயது ஆக ஆக வியர்வையும் குறையும், தாக உணர்வும் மங்கும். உடம்புக்கு வெப்பம் ஏறுவது உடம்புக்கே தெரியாமல் போய்விடும். இப்போது ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். தம்பி, பாட்டியின் கை கால் கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மின்விசிறியின் கீழ் படுக்கவை. காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் விசிறி இப்போது நிச்சயம் உதவும். 40 டிகிரிக்கு மேல் விசிறியே உடம்பைச் சூடாக்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது அண்ணன் கவனிக்க வேண்டியது. இரவில் பாட்டி குழப்பமாகப் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை என்றாலோ, உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இரு. பிறகு எனக்குத் தெரியப்படுத்து.

தம்பி (10.52): துடைத்துவிட்டேன், அத்தை. பாட்டி தண்ணீரும் குடித்துவிட்டார். நான் இன்று பாட்டி அறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா (10.58): நல்லது. நாளை முதல் குழுவில் அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் யாரும் எழுத வேண்டாம். பிற்பகலின் பனிநிலையையும் விடியற்காலையின் குறைந்தபட்சத்தையும் சேர்த்து எழுதுங்கள். இரவில் 28க்குக் கீழே இறங்காமல் போனால், அம்மாவைக் காலையிலேயே குளிரூட்டி உள்ள தங்கை வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம்.

நான் (11.03): காலை ஐந்தரை மணிக்கு அளந்து எழுதுகிறேன், பெரியப்பா.