2021 வரை சரியாக ஓடிய நீர்நிலை மாடல், 2023 படங்களில் ஏரியைத் தரை என்கிறது. உதவி தேவை

நீர்த்தடம்:
செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஏரி, குளம், ஆறுகளின் பரப்பை வரைந்து தர யூநெட் என்ற நரம்பு வலை மாடல் ஒன்றைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறேன். உள்ளீடு ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் எல்2ஏ படங்கள், அதாவது வளிமண்டலத் திருத்தம் செய்து வருபவை. நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என 10 மீட்டர் பேண்டுகள் (ஒளி அலைவரிசைகள்) நான்கு. ஐந்தாவதாக நானே கணக்கிட்டுச் சேர்த்த நீர்க் குறியீடு, அதாவது என்டிடபிள்யுஐ: பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது. பயிற்சிப் படங்கள் எல்லாம் 2019 முதல் 2021 வரை எடுத்தவை. சரிபார்ப்பில் ஐஓயு (மாடல் வரைந்த பரப்பும் உண்மைப் பரப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.93 வந்தது.

2023 படங்களைக் கொடுத்தால் எல்லாம் குளறுபடி. பெரிய ஏரிகளின் நடுப்பகுதி மட்டும் நீர் என்று வருகிறது. கரையோரம், கலங்கல் நீர், சின்னக் குளங்கள் எல்லாம் தரையாகிவிடுகின்றன. கண்ணால் பார்த்தால் இரண்டு ஆண்டுப் படங்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஏரியும் வற்றவில்லை. எங்கே தேடுவது?

மேகநிழல்:
பருவம் ஒன்றுதானா? மழைக்காலப் படத்தில் பழகிய மாடலுக்குக் கோடைப் படத்தைக் கொடுத்தால் இப்படி ஆகலாம். அப்புறம், ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று படத்தோடு வரும் எஸ்சிஎல் அடுக்கில் 3 (மேக நிழல்), 8, 9 (மேகம்), 10 (மென்மேகம்) ஆகியவற்றை நீக்கினீர்களா?

நீர்த்தடம்:
ஒரே மாதங்கள்தான். மேகம், நிழல் எல்லாம் நீக்கிய பிறகுதான் கொடுக்கிறேன். துளி மேகம் இல்லாத படத்திலும் இதே கதை.

பிக்சல்பித்தன்:
அப்படியானால் மாடலை விடுங்கள், எண்களைப் பாருங்கள். 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல்-2 படங்களைச் செயலாக்கும் பதிப்பை 04.00 ஆக்கியது. அதிலிருந்து ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூடுதலாக இருக்கும். முன்பு எண்ணை 10000-ஆல் வகுத்தால் எதிரொளிப்பு, அதாவது விழுந்த ஒளியில் பரப்பு திருப்பி அனுப்பும் பங்கு, கிடைத்துவிடும். இப்போது 1000-ஐக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். இருண்ட பரப்புகளில் வளிமண்டலத் திருத்தத்துக்குப் பின் எதிரொளிப்பு சுழிக்குச் சற்றுக் கீழே போவதுண்டு. அந்த மதிப்புகள் வெட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு நீர்ப் பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை 600, அண்மை அகச்சிவப்பு 300 என்றால் குறியீடு 300 / 900, அதாவது 0.33. அதே பிக்சல் புதிய பதிப்பில் 1600, 1300 என்று வரும். வித்தியாசம் அதே 300, ஆனால் கூட்டுத்தொகை 2900. குறியீடு 0.10-க்கு இறங்கிவிட்டது. உங்கள் மாடல் 0.33-ஐ நீர் என்று படித்தது, 0.10-ஐ ஈர மண் என்று நினைத்துக்கொள்கிறது. அதன் மேல் தப்பில்லை.

கண்ணுக்குத் தெரியாததற்கும் காரணம் உண்டு. படம் காட்டும் மென்பொருள்கள் குறைந்த மதிப்பையும் கூடிய மதிப்பையும் பார்த்துத் தாங்களே ஒளிர்வை இழுத்துச் சரிசெய்துவிடும்.

வரைபடவாசி:
இவ்வளவு எதற்கு? 2023 படங்கள் கொஞ்சம் சேர்த்து மறுபடியும் பயிற்சி கொடுத்தால் தானே கற்றுக்கொள்ளாதா?

பிக்சல்பித்தன்:
கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகோல் என்று கற்றுக்கொள்ளும். பழைய ஈர மண்ணும் புதிய நீரும் ஒரே குறியீட்டில் வந்து நிற்கும். ஒரு கழித்தலில் தீர வேண்டியதை நரம்பு வலையின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? ஒவ்வொரு படத்தையும் அதன் சராசரியை வைத்து இயல்பாக்கினால் நான்கு பேண்டுகளிலும் அந்த 1000 காணாமல் போகும், உண்மைதான். ஆனால் வகுத்துக் கிடைத்த குறியீடு அப்படிச் சரியாகாது.

நீர்த்தடம்:
நன்றி நண்பரே. எல்லாப் பேண்டிலும் 1000 கழித்தேன், கரையோரமும் குளங்களும் திரும்பி வந்துவிட்டன! ஆனால் புதுத் தொல்லை. ஆழமான நீரிலும் மலை நிழலிலும் அங்கங்கே பளீரென்று வெள்ளைப் புள்ளிகள். மதிப்பைப் பார்த்தால் 65,436, 65,471 என்று இருக்கிறது.

பிக்சல்பித்தன்:
65,436 என்பது 65,536-இல் 100 குறைவு. அதாவது பிக்சலில் 900 இருந்தது, 1000 கழித்ததும் −100 வர வேண்டும். ஆனால் கோப்பு குறியில்லா 16 பிட் முழு எண் வகை. அதில் எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை, அதனால் மேல் எல்லைக்குச் சுற்றிவிட்டது. பைத்தானில் எண்களைக் கையாளும் நம்பை (NumPy) நூலகம் இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது. கழிப்பதற்கு முன்பே மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றிவிடுங்கள்.

மாற்றியதும் எதிர்மறை மதிப்புகளை 1-க்கு உயர்த்திவிடுங்கள். உங்கள் பயிற்சிப் படங்களில் எதிர்மறையே கிடையாது. தவிர, பச்சை 200, அண்மை அகச்சிவப்பு −100 என்று வந்தால் குறியீடு 3 ஆகிவிடும். அது ஒன்றைத் தாண்டவே கூடாது. முதலிலேயே 0 ஆக இருக்கும் பிக்சல்கள் தரவு இல்லாதவை, அவற்றைத் தொடாமல் விடுங்கள்.

மேகநிழல்:
இன்னொன்று: தேதியை வைத்துக் கழிக்காதீர்கள். பழைய ஆண்டுப் படங்களையும் பின்னர் 05.00 பதிப்பில் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். 2019 படத்திலும் அந்த 1000 இருக்கலாம். கோப்புப் பெயரில் N என்ற ஆங்கில எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்கவும். கூகுள் எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு தொகுப்பை எடுத்தால் அவர்களே கழித்துத்தான் தருகிறார்கள், அங்கே மறுபடி கழித்தால் இருந்ததும் கெடும்.

வரைபடவாசி:
அந்த 0.93 எனக்கு இன்னும் உறுத்துகிறது. படங்களைத் துண்டாக்கிக் குலுக்கித்தான் பயிற்சிக்கும் சரிபார்ப்புக்கும் பிரித்தீர்களா?

நீர்த்தடம்:
ஆமாம், குலுக்கல் முறைதான்.

வரைபடவாசி:
அப்படியானால் ஒரே ஏரியின் ஒரு துண்டு பயிற்சியிலும் பக்கத்துத் துண்டு சரிபார்ப்பிலும் இருந்திருக்கும். விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு அது. ஏரிவாரியாக, முடிந்தால் டைல்வாரியாக (படங்கள் வெளியாகும் சதுரக் கட்டங்கள்வாரியாக) பிரித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கும்.

நீர்த்தடம்:
இன்று இரவு டைல்வாரியாகப் பிரித்து ஓட்டுகிறேன். வெள்ளைப் புள்ளிகள் போய்விட்டன, அதற்குத் தனி நன்றி.