சிறந்த படப் புத்தகம் எது: யாருடைய வாக்கைக் கொள்வது?

கேள்வி (சேரன்மகாதேவி)

எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் 5 முதல் 8 வயது வரையுள்ள 12 பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்திப் படப் புத்தகங்களை வாசித்துக் காட்டுகிறோம். சென்ற வாரம் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க, ஒவ்வொரு புத்தகத்தின் முன்னும் ஒரு கொட்டாங்கச்சியை வைத்துப் புளியமுத்துகளால் வாக்கெடுத்தோம். பெரியவர்கள் நால்வரும், சென்னை தாரா பதிப்பகத்துக்காகக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் மரங்களின் இரவு வாழ்வை வரைந்த நூலுக்கே போட்டோம். கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்ட அதன் பக்கங்களில் மை விரலுக்குத் தட்டுப்படுகிறது. பிள்ளைகளில் 9 பேரோ எரிக் கார்ல் எழுதி வரைந்த, பசி தீராத புழுவின் கதைக்குப் போட்டுவிட்டார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

பதில் (பாளையங்கோட்டை)

பிள்ளைகளின் தேர்வைக் குறைத்து எண்ண வேண்டாம், அண்ணாச்சி. 1969இல் வெளிவந்த அந்நூலில், வண்ணம் தீட்டிய மெல்லிய தாள்களை வெட்டி ஒட்டிப் படங்களை அமைத்த கார்ல், புழு தின்ற இடங்களில் உண்மையாகவே துளையிட்டு, திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் எனப் பழங்கள் கூடக் கூடப் பக்கத்தின் அகலத்தையும் கூட்டிக்கொண்டே போகிறார். துளைக்குள் விரலை விடும் பிள்ளை, எண்ணுவதையும் கதையையும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த 9 வாக்குகளும் கதைக்கு விழுந்தனவா, துளைக்கு விழுந்தனவா என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பதில் (அம்பாசமுத்திரம்)

பெரியவர்களின் வாக்கில்தான் எனக்கு ஐயம். நாம் ஓவியத்தின் அழகைப் பார்க்கிறோமே தவிர, தாளைப் புரட்டும்போது படம் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட, கோபக்காரச் சிறுவன் ஒருவன் விசித்திர விலங்குகளின் தீவுக்குப் போகும் கதையில், அவனுடைய அறை காடாக மாற மாறப் படம் பெரிதாகி எழுத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. அவன் வீடு திரும்பிய பிறகு, கடைசிப் பக்கத்தில் படமே இல்லாமல் எழுத்து மட்டும் நிற்கிறது. படப் புத்தகம் என்றால் எனக்கு அதுதான். நீங்கள் சொல்லும் மரங்களின் நூல் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பிக்கையைச் சொல்வது, தொடர்கதை அல்ல. இரண்டையும் ஒரே போட்டியில் நிறுத்தியதுதான் பிழை.

கேட்டவரின் மறுமொழி

நேற்று வாக்கெடுக்காமல், மறுபடி வாசிக்கச் சொல்லி எந்தப் புத்தகத்தை நீட்டுகிறார்கள் என்று மட்டும் கவனித்தோம். புழு 7 முறை வந்தது. துளைகளை நான் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வாசித்தபோதும், அடுத்த கிழமைக்கு எத்தனை பழம் என்று முந்திக்கொண்டு கத்தினார்கள். மரங்களின் நூலை ஒரேயொரு சிறுமிதான் எடுத்தாள். கிளைகளை விரலால் தொடர்ந்துகொண்டே போய், இது படித்துறை மருதமரம், ராத்திரியில் இப்படித்தான் நிற்கும் என்றாள். ஆகவே பொதுப் பணத்தில் புழுவை வாங்குகிறோம். கறுப்புப் புத்தகத்துக்குப் பெரியவர்கள் நால்வரும் கைக்காசு போடுகிறோம். செண்டாக்கின் நூல் உங்களிடம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தருவீர்களா?