புதுப்பிப்பு: லூட்டன் டவுன் 2008–09 பருவப் புள்ளிக் கணக்கு தீர்ந்தது

இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் 46 ஆட்டங்களில் 13 வெற்றியும் 17 சமனும் பெற்ற லூட்டன் டவுன், 56 புள்ளிகளுக்குப் பதிலாக 26 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் இருப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

அச்சுப்பிழை, ரத்தான ஆட்டங்கள் ஆகிய ஊகங்கள் பொருந்தவில்லை. தண்டனைக் கழிவைப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே சரியாக அமைந்தது. வீரர்களின் முகவர்களுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததற்காகக் கால்பந்துச் சங்கம் 10 புள்ளிகளையும், நொடிப்பு நிலையிலிருந்து விதிப்படி மீளாததற்காக லீக் டூவை நடத்தும் ஃபுட்பால் லீக் 20 புள்ளிகளையும் கழித்திருந்தன. முந்தைய நிர்வாகங்களின் செயலுக்கு ஆடுகளத்தில் இருந்தவர்கள் விலை கொடுத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே பருவத்தில் போர்ன்மத், ராதர்ஹாம் அணிகளும் தலா 17 புள்ளிகளை இழந்ததால், புள்ளிப்பட்டியலில் அவற்றின் வரிசைகளிலும் இதே முரண் தெரியும்.

எதிர்பாராத செய்தி ஒன்றும் கிடைத்தது: 2009 ஏப்ரலில் வெம்ப்ளியில் கூடுதல் நேரம் வரை நீண்ட இறுதியாட்டத்தில் ஸ்கன்தார்ப் அணியை 3–2 என வென்று கீழ் அடுக்கு அணிகளுக்கான தனிக் கோப்பையான ஃபுட்பால் லீக் டிராஃபியை லூட்டன் கைப்பற்றியது. ஆனால் அந்த மாதமே ஃபுட்பால் லீக்கிலிருந்து கீழிறங்கியதால், அடுத்த ஆண்டு அதைத் தக்கவைக்கக் களமிறங்கவே முடியவில்லை. லீக்குக்குத் திரும்பியது 2014இல்தான்.