ஆர்க்டிக் புகலிடத்தில் மூன்று குழு, ஒரு ஹெலிகாப்டர்: எங்கிருந்து தொடங்குவது?

துருவன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அலாஸ்காவில், ஃபேர்பேங்ஸில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த கோடையில் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் எங்களுக்குக் களப்பணி இருக்கிறது. ஹுலாஹுலா, ஜாகோ என்ற இரண்டு ஆறுகளில் நீரின் வெப்பநிலை, உறைமண் இளகி ஆற்றில் சேரும் வண்டல், டாலி வார்டன் மீன்கள், இவைதான் வேலை. பணம் மத்திய அரசுடையது. அதே கோடையில் அதே பகுதிக்கு இரண்டு அரசுத் துறைகளின் குழுக்களும் வருகின்றன. ஒன்று கரையோரப் பறவைகளுக்காக, இன்னொன்று தாவரங்களுக்காக.

மூன்று குழுவும் ஒரே ஹெலிகாப்டரைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும், நீயே பேசி முடித்துவிடு என்று பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஜூலை 1 முதல் 21 வரை என்று தேதியும் குறித்தாகிவிட்டது. அனுமதிப் படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். இனி யாரிடம் முதலில் பேசுவது? வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை நிறம், ஒரே துறையின் நிலம். அப்படியிருக்க, யாரைக் கேட்டாலும் "ரொம்பக் கவனமாகச் செய்" என்றே சொல்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சி பதில்:

தம்பி, படிவத்தை இப்போதே அனுப்பிவிடாதீர்கள். தேதியை முதலில் பார்ப்போம்.

நான் ஒன்பது கோடை அந்தப் பக்கம் களப்பணிக்கு ஏற்பாடு செய்தவள். சாமான் கட்டுவது, எரிபொருள் அனுப்புவது, யார் எந்த நாள் எங்கே இறங்குவது என்று பட்டியல் போடுவது, இதுதான் என் வேலை. ஜூலை மாதத்தில் அந்தக் கடற்கரையில் என்ன நடக்கும் என்று நான் கற்றுக்கொண்டது ஒரு படகில் உட்கார்ந்துதான்.

காக்டோவிக் என்று ஒரு ஊர், பார்ட்டர் தீவில் இருக்கிறது. முந்நூறு பேர்கூட இல்லாத, இனுபியாட் பழங்குடி மக்களின் ஊர். அங்கிருந்து கேம்டன் விரிகுடா பக்கம் ஒரு முகாமுக்குச் சாமான் கொண்டுபோக ஒரு பெரியவரின் படகை அமர்த்தியிருந்தோம். வழியில் ஒரு கூழாங்கல் திட்டில் முப்பது நாற்பது கரிபூ, அதாவது துருவ மான்கள், நின்றன. கொசுத் தொல்லை தாங்காமல் முழங்கால் அளவு கடல்நீரில் இறங்கித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். காற்று எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் தள்ளட்டும் என்று முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தோம். துப்பாக்கி அவர் மடியில். அப்போது மலைப்பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம். கரிபூ எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அப்புறம் திட்டில் ஒன்றுகூட இல்லை.

அது எங்கள் ஹெலிகாப்டர்தான். அவர் கோபப்படவில்லை. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்துவிட்டு, "இன்றைக்கு இது இன்னும் எத்தனை முறை வரும்?" என்று கேட்டார். எங்கள் குழுவுக்கு இன்னும் ஒரு முறை என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த வாரம் அங்கே வேலை செய்த மற்ற குழுக்கள் எத்தனை முறை பறக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழுக்களுக்கும் எங்களைப் பற்றித் தெரியாது. திரும்பி வந்து மூன்று குழுக்களின் பயணப் பட்டியலையும் வாங்கி ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரே பள்ளத்தாக்கின் மேல், ஒரே நாளில், ஒன்பது முறை. ஒவ்வொருவரும் தங்கள் அனுமதியை மீறாமல்தான் பறந்தார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை.

உங்களிடம் ஒப்படைத்திருக்கும் வேலை அந்தக் கூட்டல்தான். ஹெலிகாப்டர் செலவைப் பங்கு போடுவது அதில் ஒரு சின்னப் பகுதி.

இப்போது தேதிக்கு வருவோம். பார்க்குபைன் மந்தை என்ற கரிபூக் கூட்டம் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அந்தக் கடலோரச் சமவெளியில் கன்று ஈனும். ஜூலை முதல் பாதி வரை கொசுவுக்குப் பயந்து பெருங்கூட்டமாகச் சேர்ந்து அலையும். 2017 கணக்கெடுப்பில் அந்த மந்தை சுமார் 2,18,000. ஜூலை, ஆகஸ்டில் காக்டோவிக்காரர்கள் படகில் கரிபூ வேட்டைக்குப் போவார்கள். ஆகஸ்ட் கடைசியில் திமிங்கில வேட்டை தொடங்கி செப்டம்பர் வரை போகும். அந்த நாட்களில் ஊரில் யாருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. மலைக்குத் தெற்கே ஆர்க்டிக் வில்லேஜில் குவிச்சின் பழங்குடி மக்கள் அதே மந்தைக்காக ஆகஸ்டிலிருந்து காத்திருப்பார்கள். இந்த நாட்காட்டியை எழுதி வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இடத்தில் உங்கள் தேதிகளைப் பொருத்துங்கள். நீங்கள் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

ஊரோடு பேசுங்கள் என்றால் ஒரே ஒரு மின்னஞ்சல் போதாது. பழங்குடி நிர்வாகம் தனி, நகர நிர்வாகம் தனி, ஊர்மக்கள் பங்குதாரர்களாக இருக்கும் காக்டோவிக் இனுபியாட் கார்ப்பரேஷன் தனி. புகலிடத்துக்குள்ளேயே சுமார் 92,000 ஏக்கர் அந்தக் கார்ப்பரேஷனின் சொந்த நிலம். அதில் கால் வைக்க அவர்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். இதுபோக ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் தனிக் குடும்பங்களுக்கு ஒதுக்கிய மனைகள் உண்டு. நீங்கள் சொன்ன ஒரே பச்சை நிறத்துக்குள் இத்தனை இருக்கிறது. முகாமுக்கு நல்ல மேட்டு நிலம் என்று தோன்றுகிற இடம் பெரும்பாலும் ஒரு குடும்பம் ஏற்கெனவே கூடாரம் போடும் இடமாகத்தான் இருக்கும்.

புகலிடத்தின் அலுவலகம் உங்கள் ஊரிலேயே, ஃபேர்பேங்ஸிலேயே இருக்கிறது. படிவத்தோடு போகாமல் வரைபடத்தோடு நேரில் போங்கள். ஹுலாஹுலாவின் மேல்பகுதி மோலி பீட்டி வனாந்தரத்தில் வருகிறது. அங்கே இயந்திரப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 1964 வனாந்தரச் சட்டம் செல்லும். "இயந்திரம் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாதா?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தயாராக வேண்டும். கீழ்ப்பகுதி கடலோரச் சமவெளி. அதை எல்லோரும் "டென்-ஓ-டூ" என்பார்கள், 1980 சட்டத்தின் 1002-ஆம் பிரிவை வைத்து. அங்கே விதி வேறு. ட்ரோன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதையும் அனுமதியில் கேட்டுவிடுங்கள், இல்லாமல் அங்கே பறக்கவிட முடியாது. மீன் பிடித்து அளக்க அலாஸ்கா மாநிலத்தின் மீன் அனுமதி தனியாக வேண்டும். நிலம் மத்திய அரசுடையது என்பதால் மாநில அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டீர்கள். 1980-இல் அந்தச் சமவெளியின் 15 லட்சம் ஏக்கரைப் பாதுகாப்பதா, எண்ணெய்க்குத் திறப்பதா என்று முடிவு செய்யாமல், முதலில் ஆராய்ந்து சொல்லுங்கள் என்று சட்டம் போட்டார்கள். 1984, 85 குளிர்காலங்களில் எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வுக்குக் கனரக வண்டிகள் ஓடின. பனி மூடியிருந்தும் அந்தத் தடங்களில் சில பல பத்தாண்டுகள் கழித்தும் மறையவில்லை. நான் வானிலிருந்து ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல. 2017-இல் சட்டம் அந்த நிலத்தை எண்ணெய்க் குத்தகை ஏலத்துக்குத் திறந்தது. 2021 ஜனவரியில் முதல் ஏலம் நடந்தது. 2025 ஜனவரி ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. அதனால் அங்கே நீங்கள் ஒரு மீனை அளந்தாலும் அதை வெறும் மீன் கணக்காக யாரும் பார்க்க மாட்டார்கள். காக்டோவிக்கில் எண்ணெய் வேண்டும் என்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. குவிச்சின் மக்களுக்கு அந்தச் சமவெளி உயிர் தொடங்கும் புனித இடம். நீங்கள் எந்தப் பக்கமும் பேசப் போவதில்லை, ஆனால் உங்கள் எண்கள் எங்கே போகும், ஊருக்கு எப்போது திரும்பி வரும் என்று கேட்பார்கள். அதற்கு நேரான பதிலோடு போங்கள்.

இன்னொன்று. அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அனுமதி வேலை நடப்பது குளிர்காலத்தில். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள், நிதி ஒப்புதல் கிடைக்காமல் மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கியபோது எங்கள் கோப்பைத் தொட ஆளில்லை. பதில் வந்த பிறகு எரிபொருளுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று இருந்ததால் அந்தக் கோடையில் பாதி வேலை போனது. கையில் மாற்றுத் தேதி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

ஆறுமுகம் பதில்:

மீனாட்சி அக்கா சொன்னதெல்லாம் சரி. ஹெலிகாப்டர் விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். நான் சில ஆண்டுகள் வான்பயணப் பாதுகாப்புப் பக்கம் இருந்தேன்.

துருவன், அந்த இரண்டு குழுக்களும் உள்துறை அமைச்சகத்தின் (அமெரிக்காவில் மத்திய அரசு நிலங்களையும் வனவிலங்குகளையும் கவனிக்கும் அமைச்சகம்) கீழ் வரும் துறைகளைச் சேர்ந்தவையா என்று முதலில் கேளுங்கள். மீன்-வனவிலங்குச் சேவை, யூ.எஸ்.ஜி.எஸ். என்ற புவியியல் ஆய்வுத் துறை, இரண்டும் அப்படித்தான். அவர்களுடைய ஊழியர் ஏற வேண்டுமானால் அந்த ஹெலிகாப்டருக்கும் விமானிக்கும் அமைச்சகம் கொடுத்த சான்று அட்டை இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தனியாக வாடகைக்கு எடுத்த ஹெலிகாப்டருக்கு அந்த அட்டை இல்லையென்றால், பகிர்ந்துகொள்ளும் திட்டம் முதல் நாள் காலையிலேயே நின்றுவிடும். இதை மே மாதத்தில் கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். அட்டை உள்ள ஹெலிகாப்டரைத் துறை எடுத்து, நீங்கள் அதில் சேர்ந்துகொள்வதுதான் சுலபம்.

விமானிக்கு ஒவ்வொருவரின் உண்மையான எடை வேண்டும், பூட்ஸ், கோட்டு, பை எல்லாம் சேர்த்து. கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். நான் எப்போதும் தராசோடுதான் போவேன். எரிபொருள் பீப்பாய் ஒன்று கிட்டத்தட்ட 200 லிட்டர். எத்தனை உள்ளே போகிறதோ அத்தனை காலிப் பீப்பாய் வெளியே வர வேண்டும், அதற்கும் பறக்கும் நேரம் ஒதுக்குங்கள். கரையில் கோடை முழுக்க மூடுபனி. இரண்டு நாள் பறந்தால் ஒரு நாள் சும்மா இருப்போம் என்று கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள். புகலிடத்தின் மேல் தரையிலிருந்து 2,000 அடிக்குக் குறையாமல் பறக்கச் சொல்லி விமான வரைபடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். மூடுபனி நாளில் மேகத்துக்குக் கீழே அந்த உயரம் கிடைக்காது. அப்படிப்பட்ட நாளில் போகாமல் இருப்பதுதான் நல்லது.

துருவன்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு பேராசிரியரிடம் படித்துக் காட்டினேன். பெரியவர் கேட்ட கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் ஜூலைதான் ஆற்றுநீர் மிகவும் சூடாக இருக்கும் மாதம், அதை விட்டுவிட்டால் ஆய்வே இல்லை என்கிறார். தாவரக் குழுவும் ஜூலைதான் வேண்டும் என்கிறது. என்ன செய்யலாம்?

மீனாட்சி பதில்:

ஜூலையில் நீர் சூடாக இருக்க வேண்டும், சரி. நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வெப்பநிலைப் பதிவுக் கருவி மணிக்கொரு முறை தானே குறித்துக்கொள்ளும். போடுவதற்கு ஒரு பயணம், எடுப்பதற்கு ஒரு பயணம், அவ்வளவுதான். ஹுலாஹுலாவில் மேலே கூழாங்கல் திட்டில் சின்ன விமானம் இறங்கும். ஜூன் கடைசியில் அங்கே இறங்கி, ராஃப்டில் (காற்றடைத்த ரப்பர் படகில்) ஆற்றோடு வந்து, வழியில் ஒவ்வொரு இடத்திலும் கருவியைப் பதித்துக்கொண்டே வரலாம். ஹெலிகாப்டரே வேண்டாம். வனாந்தரப் பகுதிக்கான அந்தக் கேள்விக்கும் உங்கள் பதில் எளிதாகிவிடும். கன்றோடு கூட்டம் எங்கே இருக்கிறது என்று மட்டும் புகலிடக்காரர்களிடம் முதல் நாள்வரை கேட்டுக்கொள்ளுங்கள். இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை போட்ட கரிபூக்களை வைத்து அவர்களுக்குத் தெரியும்.

மீனுக்கு ஜூலை தேவையே இல்லை. கடலுக்குப் போகும் டாலி வார்டன் கோடையில் கடலோரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஆகஸ்டில்தான் ஆற்றுக்குத் திரும்பத் தொடங்கும். ஆகஸ்ட் நடுவில் போனால் மீனும் கிடைக்கும், கருவியையும் எடுத்துவிடலாம், திமிங்கில வேட்டைக்கு முன்னால் வெளியேறியும் விடலாம். குளிர்காலத்தில் ஹுலாஹுலாவில் பனியைத் துளைத்து அந்த மீனைப் பிடிப்பது காக்டோவிக் குடும்பங்கள்தான். எந்த மடுவில் எத்தனை காலமாக மீன் நிற்கிறது என்று அவர்களைக் கேட்டுவிட்டு இடம் குறியுங்கள்.

தாவரக் குழுவுக்கு ஜூலை வேண்டுமென்றால் வரட்டும். ஆனால் கரையோரமாகப் பறக்காமல் உள்பக்கமாக, ஒரே தடத்தில், குறித்த நாளில் மட்டும் பறக்கச் சொல்லிப் பேசுங்கள். ஒன்பதை மூன்றாக்கினால் பெரிய காரியம்.

செல்வி பதில்:

கனடாவின் யூகானிலிருந்து எழுதுகிறேன். அதே மந்தை எங்கள் பக்கமும் வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஏதாவது அளக்க நினைத்தால் யூகானின் ஆய்வாளர் உரிமம் தனி, இவ்வாவிக் தேசியப் பூங்காவின் அனுமதி தனி. அமெரிக்க அனுமதியை இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். மந்தையைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால், 1987-இல் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் ஊர்க்காரர்களும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிப் பரிந்துரை சொல்லும் வாரியம் இருக்கிறது. அந்தக் கூட்டம் ஒன்றில் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாலே உங்களுக்கு நிறையப் பிடிபடும்.

துருவன்:

ஜூலையை விட்டுவிட்டோம். ஜூன் 24-க்கு ராஃப்ட், ஆகஸ்ட் 12-க்கு மீன். ஹெலிகாப்டர் எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பறவைக் குழு தங்கள் பயணப் பட்டியலை அனுப்பிவிட்டது, தாவரக் குழு வெள்ளிக்கிழமை தருகிறது. அக்கா, காக்டோவிக் கூட்டத்துக்கு என்ன கொண்டுபோகட்டும்? ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மீனாட்சி:

ஸ்லைடு வேண்டாம். மேசை நிறைகிற அளவுக்கு ஒரு வரைபடம் அச்சடித்து எடுத்துப் போங்கள், மூன்று குழுக்களின் பயணத்தையும் ஒரே தாளில் தேதியோடு வரைந்து. பென்சிலும் அழிப்பானும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கோட்டை நகர்த்தச் சொன்னால் அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே அழித்து வரையுங்கள்.