மறு: ‘ரிலே’ நிலையத்துக்குத் தமிழ்: மறுபரப்பியா, அஞ்சல் முனையா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு பக்கத்திலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கி அடுத்த பக்கம் அனுப்பும் ‘ரிலே’ நிலையத்துக்கு நாம் தேடும் தமிழ்ச் சொல்லையும் அதன் விளக்கத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘மறுபரப்பி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதுவே போதாதா?

மாடி அறைக்கு வைஃபை எட்டாதபோது சுவரில் செருகுகிறோமே, அந்தப் பெட்டிக்குப் போதும். அது நாலாபக்கமும் பரப்புகிறது. மலையைச் சுற்றிக் கொண்டுபோகும் நெடுந்தொலைவு இணைப்பில் டிஷ் ஆன்டெனா ஒரே திசையைக் குறிபார்த்து நிற்கிறது. பரப்பினால் இணைப்பே கெட்டது.

நேபாளத்தில் மகாபீர் புன் நாங்கி கிராமத்துக்கு இணையம் கொண்டுபோனார் (2007 மகசேசே விருது இந்தப் பணிக்குத்தான்). பொக்காராவுக்கும் நாங்கிக்கும் நடுவே மலை. மொகரே டாண்டா முகட்டில் ஒரு நிலையம் வைத்து, பொக்காராவிலிருந்து வருவதை வாங்கி நாங்கிக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஆன்டெனாக்களை மரத்திலேயே கட்டியிருந்தார்கள்! கான்கிரீட் போடும் நாளில் படிக்கட்டில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அதே வேலை.

அதனால்தான் போன மடலில் ‘கைமாற்று முனை’ என்று எழுதினேன். இப்போது திரும்பப் பெறுகிறேன். அலைபேசி அழைப்பு ஒரு கோபுரத்திடமிருந்து அடுத்த கோபுரத்துக்குப் போவதைச் சொல்ல ‘கைமாற்றம்’ வேண்டியிருக்கும். (தவிர, எங்கள் ஊரில் கைமாற்று என்றால் திரும்பி வராத பணம்.)

> விளக்கத்தில் ‘பார்வை மறையும் இடத்தில் வைப்பது’ என்று சேர்க்கலாம்.

வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்தாலே அலை போய்விடும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 10 கி.மீ. தூரம், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் பிரெனெல் வலயம் (இரு முனைகளுக்கு நடுவே நேர்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய வெளி) நடுவழியில் சுமார் 11 மீட்டர் ஆரத்துக்குப் புடைத்திருக்கும். அந்த ஆரத்தில் 60 விழுக்காடாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். எதிர்முனை பளிச்சென்று தெரியும். நடுவில் தென்னந்தோப்பின் தலை உரசினால் சமிக்ஞை படுத்துவிடும். ‘நேர்வழி அடைபடும் இடத்தில்’ என்று எழுதுங்கள்.

என் வாக்கு ‘அஞ்சல் முனை’க்கு. இலங்கைப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ரிலே இன்றும் அஞ்சல் ஓட்டம்தான். வானொலியிலும் அஞ்சல் செய்வது என்றார்கள். ‘அஞ்சல் நிலையம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தபால்தலை கேட்டு ஆள் வரும்.

ஒன்று பாக்கி. இரண்டு ஆன்டெனாக்களை முதுகோடு முதுகாக வைத்து, ஒரு கேபிளால் இணைத்து, மின்சாரமே இல்லாமல் அலையைத் திருப்பும் அமைப்பு இருக்கிறது. அதையும் அஞ்சல் முனை என்பதா? ‘மின்னிலா அஞ்சல் முனை’ எனக்கே நீளமாகப் படுகிறது. சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.