வேட்டை நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா? வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்

கிழக்கூரான்:

வணக்கம். எங்கள் வீடு வடமராட்சிப் பக்கம். இரண்டு நாய்கள் நிற்கின்றன. மூத்தவன் ரைகர், ஆறு வயது, ஊர் நாய்தான், ஆனால் முயல் கிளப்புவதில் அவனுக்கு நிகரான நாயை நான் இன்னும் பார்க்கவில்லை. இளையது ஜிம்மி, பெட்டை, ஒன்றரை வயது. ஏதோ வெளிநாட்டு இனம் கலந்தது என்று சொல்லித் தந்தார்கள், காதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

இவ்வளவு நாளும் சோறும் மீன்தலையும்தான் சாப்பாடு. முயல் பிடிபட்டால் குடலை அந்த இடத்திலேயே எறிந்துவிடுவோம், இரண்டும் பங்கிட்டுத் தின்னும். பெரியப்பாவின் மகனுக்கு ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் தோட்டம், பன்றிக் காவலுக்கு என் நாய்களையும் கூட்டிக்கொண்டு போவான். போன மாதம் ஒரு பன்றி விழுந்ததாம். ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகவே இரண்டுக்கும் போட்டிருக்கிறான். ரைகர் மணந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம்தான் தின்றானாம், ஜிம்மி விட்டு வைக்கவில்லை.

இப்போது இரண்டு கிழமையாக ஜிம்மி பின்பக்கத்தை நிலத்தில் தேய்த்துத் தேய்த்து இழுக்கிறாள். நன்றாகத் தின்கிறாள், ஆனால் விலா எலும்பு தெரிகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தால் மயிரில் காய்ந்த அரிசி மணி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. பெரியப்பா சொல்கிறார், பச்சை இரத்தம் பழக்கினால்தான் நாய்க்கு மூர்க்கம் வரும், கொடு என்று. அம்மா சொல்கிறா, பச்சை இறைச்சி தின்ற நாய்க்கு விசர் பிடிக்கும், பிள்ளைக்குக் கிட்ட விடாதே என்று. மகளுக்கு மூன்று வயது, ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் பகல் நித்திரை. யார் சொல்வதைக் கேட்பது?

பழைய துவக்கு:

தம்பி, நாற்பது வருடமாக நாய் வளர்க்கிறேன். அந்தக் காலத்தில் பூச்சி மருந்தாவது மண்ணாங்கட்டியாவது. பிடித்த இடத்திலேயே வயிற்றைக் கிழித்து நாய்க்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம், அது கிடைக்கும் என்ற நினைப்பில்தான் அடுத்த முறையும் உயிரைக் கொடுத்து ஓடும். சோறு தின்கிற நாய் படலையில் நின்று குரைக்கத்தான் சரி.

ஆனால் இரண்டு விஷயம் கவனம். ஓடிவந்த கையோடு வயிறு நிறையப் போடாதே, இளைப்பு ஆறட்டும், முதலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நல்ல வேட்டை நாய் ஒன்று எனக்கு அப்படித்தான் போனது. வயிறு மத்தளம் மாதிரி ஊதி, விடிவதற்குள் முடிந்துவிட்டது. மற்றது, காட்டில் செத்துக் கிடக்கிற பன்றியை நாய் நக்கவும் விடாதே. தோட்டக்காரர்கள் நஞ்சு வைக்கிறார்கள், பூசணிக்காய்க்குள் வெடி வைக்கிறார்கள். நாய்க்கு அது எப்படித் தெரியும்?

ரொறன்ரோ வாசி:

நான் இங்கே மூன்று வருடமாக என் நாய்க்குப் பச்சை இறைச்சி மட்டும்தான் கொடுக்கிறேன். கடையில் உறைய வைத்துப் பொதி செய்தே விற்கிறார்கள், எலும்பும் ஈரலும் அளவாகக் கலந்து. மயிர் மினுங்குகிறது, பல்லில் காவி இல்லை. நாய் என்பது ஓநாய்தானே, ஓநாய் என்ன அடுப்பு மூட்டியா தின்கிறது? சோறு கொடுப்பது நாங்கள் சாப்பிடுவதை அதன் தலையில் கட்டுகிற வேலை.

மாட்டுப்பட்டி அக்கா:

நான் மிருக வைத்தியர் இல்லை. ஆனால் கால்நடைப் பக்கம் களவேலை செய்து பல வருடம், வெட்டிய ஆடு மாடுகளின் ஈரல் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கூரான் தம்பி, அந்த அரிசி மணி வேறொன்றும் இல்லை, நாடாப்புழுவின் துண்டு. ஈரமாக இருக்கும்போது பார்த்தால் வெள்ளரி விதை போல மெல்ல நெளியும். ஆனால் பழியைப் பன்றி மேல் போடாதீர்கள். புழு வயிற்றுக்குள் வளர்ந்து துண்டு விழ ஒன்றரை இரண்டு மாதம் பிடிக்கும், நீங்கள் சொல்லும் பன்றி போன மாதத்துக் கதை. முயலின் வயிற்றைத் திறக்கும்போது குடலைச் சுற்றிய கொழுப்பில் பட்டாணி அளவு தண்ணீர்க் குமிழிகள் குலையாகத் தொங்கியதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிதான் நாயின் வயிற்றில் புழுவாகிறது. தெள்ளை நாய் கடித்து விழுங்கினாலும் இன்னொரு வகை நாடாப்புழு வரும், அதன் துண்டும் அரிசி மாதிரித்தான் இருக்கும். அதனால் ஜிம்மியின் உடம்பில் தெள்ளு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முயலில் இருந்து வருகிற அந்தப் புழு பிள்ளைக்குத் தொற்றாது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஆடு, மாடு, பன்றியின் ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர்க்கட்டி இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த தண்ணீர் பீறிடும், உள்ளே மணல் போல நரநரவென்று இருக்கும். இறைச்சி வெட்டுகிறவர் அதை அறுத்து நாய்க்கு எறிவார், இதைத்தான் எல்லா இடமும் செய்கிறார்கள். நாயின் குடலில் அது அரைச் சென்றிமீற்றர் அளவே உள்ள சின்னப் புழுவாக ஆயிரக்கணக்கில் வளரும். நாய்க்கு ஒரு நோவும் இல்லை, மெலியாது, தேய்க்காது, மணி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முட்டை மட்டும் மலத்தோடு வெளியே வந்து மயிரில் ஒட்டும், மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பிள்ளை நாயைத் தடவிவிட்டு விரலை வாயில் வைத்தால் போதும். மனிதனுடைய ஈரலில் அந்தக் கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளர்ந்து, தெரியவரும்போது சில நேரம் தேங்காயளவில்கூட இருக்கும். சுகதேகியாகத் தெரிகிற நாய்தான் இதில் ஆபத்து, அதனால்தான் பழைய துவக்கு அண்ணை நாற்பது வருடமும் ஒன்றும் காணவில்லை. அவர் நாயைத்தான் பார்த்திருக்கிறார், வீட்டு ஆட்களின் ஈரலை யாரும் பார்க்கவில்லை.

ரொறன்ரோ தம்பிக்கு: நாயும் ஓநாயும் ஒரே வம்சம்தான், ஆனால் மாப்பொருளைச் செரிக்க வைக்கும் மரபணு ஒன்று ஓநாயில் 2 பிரதிதான், நாயில் 4 முதல் 30 வரை இருக்கிறது என்று 2013 இல் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். மனிதனோடு இருந்து எங்கள் எச்சில் சோற்றைத் தின்றே வந்த மாற்றம் அது. உங்கள் கடைப் பொதி பண்ணை இறைச்சி, சோதித்து உறைய வைத்தது. இங்கே பேச்சு காட்டுப்பன்றி பற்றியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சி தின்ற வேட்டை நாய்கள் முகத்தைப் பிறாண்டிப் பிறாண்டி இரண்டு மூன்று நாளில் செத்திருக்கின்றன, பன்றியில் இருக்கும் ஒருவகை வைரசால். அது வந்தால் மருந்து கிடையாது. அவுஸ்திரேலியாவில் பன்றி வேட்டை நாய்களுக்குப் பன்றியில் இருந்து புருசெல்லா என்ற பக்டீரியா தொற்றியது, ஆண் நாய்க்கு விதைப்பை வீங்கி, முதுகு நொந்து, சில நாய்களைக் கருணைக் கொலை செய்ய வேண்டி வந்தது, அது மனிதருக்கும் தொற்றும். உறைய வைப்பது புழுவில் சிலவற்றைக் கொல்லும், வைரசையும் பக்டீரியாவையும் கொல்லாது. எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பி எதையும் உறைய வைத்தேன் என்று சொல்லவும் முடியாது.

அம்மா சொன்ன விசர் விஷயம்: இறைச்சி பச்சையாக இருப்பதால் விசர் வராது. விசர் பிடித்த மிருகம் கடித்தால் வரும். ஆனால் வேட்டை நாய் நரியோடும் கீரியோடும் மல்லுக்கு நிற்கிற நாய், ஆகவே வருடா வருடம் விசர்த் தடுப்பூசி கட்டாயம், அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. போடும்போது எலிக்காய்ச்சலும் சேர்ந்த ஊசியைப் பற்றியும் கேளுங்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் என்ன பாடு படுத்தியது என்று மறந்திருக்க மாட்டீர்கள்.

செய்ய வேண்டியது: ஜிம்மியை நிறுத்துப் பாரம் தெரிந்துகொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவன்ரெல் சேர்ந்த குளிசை வேண்டும், கடையில் சும்மா பூச்சிக் குளிசை என்று கேட்டால் உருண்டைப் புழுவுக்கு மட்டும் உள்ளதைத் தந்துவிடுவார்கள். ரைகருக்கும் சேர்த்துக் கொடுங்கள். வேட்டைக்குப் போகிற காலம் முழுதும் ஆறு கிழமைக்கு ஒருமுறை. குளிசை கொடுத்த இரண்டு மூன்று நாள் கட்டி வைத்து மலத்தை ஆழமாகக் குழி தோண்டித் தாழுங்கள். இனிமேல் இறைச்சி கொடுப்பதென்றால் சின்னத் துண்டாக வெட்டி, கொதி வந்தபின் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவியுங்கள். சன்னம் பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு வெட்டி எறியுங்கள், ஈயம் நாய்க்கும் நஞ்சு. குடலைக் காட்டில் எறியாமல் தாழுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாய் வந்து தின்னும்.

இன்னொன்று. மான், மரை பிடித்து நாய்க்குப் போட்டேன் என்று யாரும் இங்கே எழுத வேண்டாம், இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

சுண்டிக்குளம் மருமகன்:

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். இறைச்சியை அவிக்கச் சொன்னா, எலும்பை அவித்துப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் பங்கு ஆடு அடித்த அன்று, குழம்பில் கிடந்த எலும்பைப் பாவம் பார்த்து நாய்க்கு வைத்தவன் நான்தான். அவிந்த எலும்பு ஊசி ஊசியாக உடைகிறது. மூன்றாம் நாள் மலத்தில் இரத்தம், ஐந்தாம் நாள் நாய் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வைத்தியரிடம் நான்தான் பிந்திக் கொண்டுபோனேன்.

பழைய துவக்கு:

அக்கா சொல்வது சரியாகத்தான் இருக்கும், படித்தவ. ஆனால் அவித்த ஈரலைப் போட்டால் நாய்க்கு வேட்டையில் ருசி எப்படி வரும் என்பதை மட்டும் சொல்லட்டும்.

மாட்டுப்பட்டி அக்கா:

அண்ணை, நாய் ஓடுவது ஓட்டத்தின் ருசிக்கு. பிடித்தவுடன் தலையைத் தடவி, சட்டைப்பையில் இருந்து ஒரு துண்டு அவித்த ஈரலை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், உங்களைச் சுற்றிச் சுற்றித்தான் வரும். பச்சை இரத்தத்தில் மூர்க்கம் வருகிறது என்றால் இறைச்சிக் கடை வாசலில் படுத்திருக்கிற நாய்கள் எல்லாம் புலியாக அல்லவா இருக்க வேண்டும்?

குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒன்று: வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துப் போதாது, கால் வளைந்துவிடும். சோறு, மீன், இறைச்சி, முட்டை என்று கலந்து கொடுங்கள், எவ்வளவு சுண்ணாம்புச் சத்து என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

கிழக்கூரான்:

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் மருந்து கொடுத்தாயிற்று. ஜிம்மி 14 கிலோ, ரைகர் 17. அக்கா சொன்ன குமிழி சரிதான், பெரியப்பாவிடம் கேட்டேன், "அதுவா, முயலுக்குள் சவ்வரிசி மாதிரி எப்போதும் இருக்குமே, கொழுப்பென்று நினைத்தேன்" என்கிறார். இத்தனை வருடமும் அதைத்தான் முதலில் எடுத்து நாய்க்குப் போட்டிருக்கிறார்.

மகள் இரண்டு நாளாகக் கட்டி வைத்த நாய்க்குத் தூரத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஆட்டு நுரையீரல் வாங்கி அவித்தேன். மணம் பிடித்து மனைவி பானையோடு என்னையும் வெளியே அனுப்பிவிட்டா, இப்போது கிணற்றடியில் மூன்று கல்லு வைத்துத்தான் சமையல். நுரையீரல் மிதந்து மிதந்து மூடியைத் தள்ளுகிறது, மேலே ஒரு கல்லு ஏற்றினேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.